சங்கக்கடையடியில் இறங்குங்கோ

வன்னியில் வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்வதில்லை. வவுனியாவிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் நான் போகவேண்டிய இடத்தைச் சொன்னேன். "சங்கக்கடையடியில் இறங்குங்கோ. உள்ளுக்குப் போனால் சனசமூக நிலையம் வரும், அதுக்கு எதிர் ஒழுங்கை. முன்பள்ளிக்குப் பக்கத்து வளவுதான் நீங்கள் சொல்லுற வீடு" என்றார். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒரு பெரிய மரத்தையோ, மாடி வீட்டையோ அடையாளம் சொல்லியிருப்பார்கள். இங்கே போரில் மரங்கள் போய்விட்டன. வீடுகளில் பல இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரே அளவில் எழுந்தவை. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறியச் சுவரின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். அடையாளமாக மிஞ்சியவை பொதுக் கட்டடங்களே.

ஏ9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் கடந்தால் முறிகண்டி. அங்கே பஸ் நிற்கும். நிற்கச் சொல்லி எந்தப் பலகையும் இல்லை, கேட்டு யாரும் மணியடிப்பதும் இல்லை. கொழும்பு சொகுசு பஸ்ஸும் நிற்கிறது, தெற்கிலிருந்து வரும் லொறியும் நிற்கிறது. சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துகிறார், சிலர் தேங்காய் உடைக்கிறார்கள், மற்றவர்கள் கச்சான் வாங்குகிறார்கள். வறுத்த கச்சானைச் சுண்டில் அளந்து போடும் பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள். அவர்களுடைய அடுப்பு எரிவது இந்த ஒரு பழக்கத்தின் தயவில். பதிவு எண்ணோ யாப்போ இல்லாமலே இத்தனை பேருக்குச் சோறு போடும் ஏற்பாடு இது. பதிவு எண்ணும் யாப்பும் உள்ள சங்கங்கள் பல அத்தனை பேருக்குப் போடுவதில்லை என்பதை அடுத்தடுத்த நாட்களில் பார்த்தேன்.

முறிகண்டியைத் தாண்டி வரும் கிளிநொச்சி பழைய ஊர் அல்ல. 1936 வாக்கில், யாழ்ப்பாணத்தில் பெருகிவந்த சனத்தொகைக்கும் வேலையின்மைக்கும் வழியாக, காடு வெட்டி உருவாக்கப்பட்ட குடியேற்றம். அதற்கு முதல் காரணம் இரணைமடுக் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920 அளவில்தான் முடிந்தது. பின்னர் பலமுறை அணைக்கட்டை உயர்த்தினார்கள். 1984இல் கிளிநொச்சியை யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். தனி மாவட்டம் என்றால் தனிக் கச்சேரி. ஒவ்வொரு அலுவலுக்கும் ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை என்பதை ஒரு முதியவர் இன்றும் பெரிய விடுதலையாகச் சொன்னார்.

நான் போயிருந்த நேரம் சிறுபோகக் கூட்டம். இலங்கையில் குளத்து நீரை நம்பிய எந்த வயலிலும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்காமல் துருசு திறக்காது. காலபோகத்துக்கு மழை துணை உண்டு. சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சிய தண்ணீர் மட்டும்தான். ஆகவே சிறுபோகக் கூட்டத்தில்தான் குரல் உயரும். மண்டபத்தில் முன்வரிசையில் அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல அதிகாரிகள். எதிரே கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், அவர்களுக்குப் பின்னால் சாரமும் சேர்ட்டுமாக நூற்றுக்கணக்கான கமக்காரர். பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று வாசித்தார். வாசித்து முடிக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"ஐயா, நீங்கள் சொல்லுற கணக்கு துருசடியில சரி. எங்கட வாய்க்கால் கடைசிக்கு வரேக்க அது கணக்கில்லை, ஈரம் மட்டும்தான்."

மண்டபம் சிரித்தது. அதிபரும் சிரித்தார். ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு பேச்சு ஏக்கரை விட்டு வாய்க்காலைத் துப்புரவு செய்வதற்குத் திரும்பியது. எந்த அமைப்பு எந்தத் துண்டைத் துப்புரவாக்குவது, என்ன திகதிக்குள், செய்யாவிட்டால் என்ன தண்டம் என்று இறங்கினார்கள். பிறகு முதல் தண்ணீர் விடும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் நாள். மாட்டுக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். மேய்ச்சல் தரவை எங்கே என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அன்றும் பதில் கிடைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது பங்கு பிரிப்பு. தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லா வயலையும் விதைக்க முடியாது. அப்போது ஒரு பகுதி வயல்களை மட்டும் தெரிந்து, தண்ணீர் எட்டாத பகுதிக்காரருக்கும் அதற்குள் ஒரு துண்டு ஒதுக்குகிறார்கள். இந்தப் போகத்துக்கு என் வயலில் நீ விதைக்கிறாய். சொந்த வயலைப் பிறருக்குப் போகக் கணக்கில் விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, வேலி ஓரத்து ஒரு முழத்துக்கு மூன்று தலைமுறை வழக்காடும் நம் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். இது அன்பினால் நடப்பதல்ல. அடுத்த ஆண்டு நீ என் இடத்தில் இருக்கக்கூடும் என்பதும், அதை எழுதிவைக்க ஒரு கூட்டக் குறிப்புப் புத்தகம் இருக்கிறது என்பதுமே இதை நடத்துகின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒரு காலத்தில் விதானைமார் வாய்க்காலை ஆண்டார்கள். 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை உண்டாக்கியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்றைய கமக்காரர் அமைப்புகள் பதியப்படுகின்றன. சட்டங்கள் மாறினாலும் வேலை ஒன்றுதான்: தண்ணீர் யாருக்கு, எப்போது. இரணைமடுக்காரர் அந்தக் கேள்வியைத் தங்கள் மாவட்டத்துக்கு வெளியேயும் எழுப்பினார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, வயலுக்கே போதாது என்று கமக்காரர் அமைப்புகள் மறுத்து நின்றன. யாழ்ப்பாணத்தில் பலருக்குக் கோபம். தமிழனுக்குத் தமிழன் தண்ணீர் தரமாட்டானா என்று கேட்டார்கள். கடைசியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் வழிக்குப் போக வேண்டியதாயிற்று. தாளையடியில் அந்த நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நான் யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நிலை அறிந்தவன். என்றாலும் அந்த மறுப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டு, கணக்குப் பார்த்து, இல்லை என்று சொல்லக்கூடிய ஓர் அமைப்பு போர் முடிந்த கையோடு வன்னியில் இருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மண்டபத்து வாசலில் பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம், "உங்களுக்கும் வயல் இருக்கோ?" என்று கேட்டேன்.

"நாங்கள் களை பிடுங்குற ஆக்கள். எங்களுக்கு எங்க கூட்டம்?" என்றார்.

அவருடைய ஊர் பாரதிபுரம். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் போன்ற கிராமங்களில் பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்தவர்களின் சந்ததியினர் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 கலவரங்கள் துரத்தத் துரத்த வந்தவர்கள். வவுனியாவில் டாக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ.டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பு, 1977க்குப் பிறகு வந்த குடும்பங்களை எல்லையோரப் பண்ணைகளில் குடியமர்த்தியது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் தப்பித் தமிழ்நாட்டில் பல காலம் இருந்துவிட்டு, கடைசியில் வன்னிக்கே திரும்பி 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். அந்த அமைப்பு உயிரோடிருந்தது சில ஆண்டுகள்தான். அது நட்ட கிராமங்களில் சில இன்னும் இருக்கின்றன. ஆனால் இரணைமடுவின் நீர்ப்பாசனக் காணி இந்த மலையகக் குடும்பங்களுக்குமுன் வந்தவர்களுக்குக் கொடுத்து முடிந்துவிட்டது. கமக்காரர் அமைப்பில் சேரக் காணி வேண்டும். காணி இல்லாதவர் அந்தத் தண்ணீரில் வேலை செய்யலாம், அதைப் பற்றிப் பேச முடியாது.

அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். அங்கேயும் ஒரு கூட்டம் நடந்தது. மாமரத்தடியில் பாய் விரித்துப் பெண்கள் இருந்தார்கள், கதிரையில் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர். கிழமைக் காசு சேர்க்கும் நாள். நுண்கடன் கம்பனிகள் போருக்குப் பிறகு வன்னிக்குள் வந்த விதத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். ஐந்து பேர், பத்துப் பேராகக் குழு அமைப்பது, ஒருவருக்கொருவர் பிணை நிற்பது, குறித்த நாளில் முற்றத்தில் கூடுவது, எல்லாம் நம் சிக்கன கடனுதவிச் சங்கங்களிலும் மாதர் சங்கங்களிலும் பழகிய முறை. கம்பனிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. வித்தியாசம் இதுதான்: சங்கத்தில் வட்டி சங்கத்துக்கே திரும்பும், தவணை தவறினால் கூட்டத்தில் கதைத்து நாள் கேட்கலாம். இங்கே ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் வீடு போக முடியாது. அயலவரிடம் இருந்த நம்பிக்கையை அடகாக வாங்கி, அதை வைத்தே அயலவரை ஒருவருக்கொருவர் காவல்காரர் ஆக்கிவிட்டார்கள். எடுத்த கடனைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன், அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களில் தவணை தவறிப்போனவற்றைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது, வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பும் வைத்தது. முப்பத்தைந்து வீதத்தை நிவாரணம் என்று சொல்ல வேண்டிய நிலை இருந்தது என்றால், அதற்கு முதல் எவ்வளவு வாங்கினார்கள் என்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மாமரத்தடிக் கூட்டத்தில் சேராமல் ஒரு மூதாட்டி மட்டும் திண்ணையில் இருந்தார். "நான் கூப்பன் காலத்து ஆள். எனக்குச் சங்கக்கடை கணக்குப் போதும்" என்றார். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நிவாரண அரிசியும் மாவும் சீனியும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகத்தான் வந்தன. இடம்பெயர்ந்தபோதெல்லாம் சங்கக்கடையும் கூடவே வந்தது என்றார். கடை என்றால் கட்டடம் இல்லை. ஒரு தராசு, ஒரு கொப்பி, கூப்பன் பார்க்கத் தெரிந்த ஒரு முகாமையாளர். மரத்தின் கீழ் தராசைத் தூக்கிவிட்டால் கடை திறந்த மாதிரி.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் சந்தியில் திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு வீதி. இந்த வீதியில் போகிறவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கே நீதிமன்றம், காவற்றுறை, வங்கி, சுங்கம் என்று ஒரு முழு அரசே புலிகளின் கையில் நடந்தது. 2009 சனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. மே மாதத்துக்குள் அந்த நிறுவனங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவற்றை நினைப்பவர்கள் இரண்டு விதமாகவும் நினைக்கிறார்கள். இரவில் கதவு பூட்டாமல் படுத்த காலம் என்று சொல்லும் அதே வாய், பிள்ளையைப் படைக்குக் கேட்டு வீட்டு வாசலில் வந்து நின்ற காலம் என்றும் சொல்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் பயணி, வன்னியைப் பார்க்கவில்லை. பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை முட்கம்பிக்குள் வைத்திருந்த முகாம்களில் மிகப் பெரியது, 2012 செப்ரெம்பரில்தான் மூடினார்கள். அங்கே வரிசை ஒன்றுதான் நிறுவனம்: தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை, வெளியே போக அனுமதிக்கு வரிசை.

மீளக் குடியேறிய பிறகு வந்த ஏற்பாடுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது முன்பள்ளி. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுப்பது கல்வித் திணைக்களம் அல்ல, சிவில் பாதுகாப்புத் திணைக்களம். பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. கிராமத்தார் நடத்தும் முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பதைப்போல் பல மடங்கு. ஒரே ஒழுங்கையில் இரண்டு ஆசிரியைகள், இரண்டு சம்பளம். இதைத் துரோகம் என்று மேடையில் பேசுவது எளிது. "அந்தச் சம்பளத்திலதான் எங்கட வீட்டில மூண்டு பிள்ளையள் படிக்கினம்" என்று ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னதற்கு மேடையில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. சம்பளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதைக் கல்வி நிருவாகத்தின் கையில் கொடுப்பதே நேரான வழி. கேட்பாரில்லை.

முல்லைத்தீவுக் கடற்கரையில் விடிய முன்னரே மீன் ஏலம். வள்ளம் கரை தட்டியதும் பெட்டி இறங்கும், ஏலம் கூறுகிறவரின் குரல் காற்றுக்கு மேலே கேட்கும். வாங்குகிறவர்கள் விரலால் சைகை காட்டுகிறார்கள். பக்கத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர் கொப்பியில் எழுதுகிறார். விற்ற காசில் சங்கத்துக்கு ஒரு சிறு கழிவு. அதில் ஒரு பங்கு உறுப்பினரின் சேமிப்பு, ஒரு பங்கு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ, ஒரு பங்கு செத்த வீட்டுக்கு. 2004 திசெம்பர் 26இல் கடல் எடுத்த கரை இது. ஐந்தாண்டு கழித்து மிஞ்சியதைப் போர் எடுத்தது. 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில், யாருக்கு எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய் என்று பங்கிட வேண்டி வந்தபோது பட்டியல் இருந்தது சங்கத்திடம்தான். கரைவலைப் பாடு எவருடையது என்பதும், தெற்கிலிருந்து வந்து வாடி போடுகிறவர்களோடும் இழுவைப்படகுகளோடும் உள்ள பிணக்கும் முதலில் பேசப்படுவது அங்கேதான். தீர்வதில்லை, பேசப்படுகிறது.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் அங்கிருந்து அதிக தூரமில்லை, நந்திக்கடல் ஓரம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் கோயில் என்று எல்லோருக்கும் தெரியும். அற்புதத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்த்தது வேலைப் பிரிவினையை. பாக்குத் தெண்டலில் தொடங்கி, சிலாவத்தைக் கரையில் தீர்த்தம் எடுப்பது, அதை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைப்பது, பொங்கலுக்கு முன் வற்றாப்பளைக்குக் கொண்டுவருவது வரை, ஒவ்வொன்றுக்கும் உரிய ஊரும் உரிய குடும்பமும் உண்டு. அழைப்பிதழ் அச்சடிக்காவிட்டாலும் அவரவர் தம் நாளில் வந்து நிற்பார்கள். அந்த உரிமை சிலரை உள்ளே வைத்துச் சிலரை வாசலில் நிறுத்தும் முறையும்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. (கோயில் பரிபாலன சபை இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்கும் என்பது வடக்கில் எந்தச் சட்டத்தரணியும் மறுக்காத உண்மை.) இருந்தும், இடம்பெயர்ந்து முகாமிலிருந்து திரும்பிய சனம், கூரை போடுமுன் பொங்கல் நாளைக் கேட்டது என்று அங்கே சொன்னார்கள். நான் நம்புகிறேன். யார் உயிரோடிருக்கிறார், யார் இல்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேறு எந்த இடம் இருந்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதவர்கள் தாங்களே ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போட்ட கொட்டகை, சில நாளில் முடியும் என்று தொடங்கியது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதேபோல் எழுந்தது. ஆண்டுகள் போயின. பல தாய்மார் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். ஆனால் முறை வைத்து வந்திருப்பது, தேநீருக்குக் காசு சேர்ப்பது, நோயாளியைப் பார்க்கப் போவது என்று அந்தக் கொட்டகை ஒரு சங்கமாகிவிட்டது.

வன்னிக்கு வெளியே, ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வன்னியின் நிறுவனங்கள் இருக்கின்றன. பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், கோயில் திருப்பணிச் சபை. எந்தப் பாடசாலைக்கு மண்டபம், எந்தக் கோயிலுக்குக் கோபுரம் என்று வட்ஸ்அப் குழுவில் தீர்மானமாகிறது. புதிய வளைவுகள் பலவற்றைக் கண்டேன், நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லோடு. வளைவுக்குள்ளே, நிரந்தர ஊழியர் இல்லாததால் பூட்டிக்கிடந்த வாசிகசாலையையும் கண்டேன். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் திட்டத்துக்காகத் தொடங்கி, திட்டம் முடிந்த மாதத்தோடு கடைசிக் கூட்டக் குறிப்பும் முடிந்துபோன சங்கங்கள் எத்தனையோ. பெயர்ப்பலகை மட்டும் வெயிலில் நிற்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் வன்னிக்குக் காசு அனுப்புகிறவர்கள் இருப்பீர்கள். இனி ஒரு முறை அனுப்பும்போது வளைவுக்கு அனுப்பாமல், உங்கள் ஊரில் இயங்கும் சிக்கன கடனுதவிச் சங்கத்தின் சுழற்சி நிதிக்கு அனுப்பிப் பாருங்கள். காணி இல்லாத பெண்களுக்கும் அங்கத்துவம் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். பொதுக்கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது, கணக்கறிக்கை எங்கே என்று கேளுங்கள். காட்டாத சங்கத்துக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.